பழியைப் பெட்டியின் மீது மட்டும் போடாதீர்கள்

தொலைக்காட்சியில் அலைவரிசை மாறத் தாமதமாவதற்குப் பழைய செட் டாப் பாக்ஸ்தான் காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. சென்ற மாதம் புதிய பெட்டி பொருத்திய பிறகும், ரிமோட்டை அழுத்தினால் அலைவரிசை எண்கூடத் தோன்றாமல் திரை கறுத்து நிற்கிறது. படம் வர மூன்று விநாடிகள் ஆகின்றன. பார்வை மங்கிய என் தாயார், அழுத்தியது பதியவில்லை என்றெண்ணி மீண்டும் அழுத்த, அவர் தேடியதைத் தாண்டி வேறெங்கோ போய்விடுகிறது. அவருடைய தவிப்பைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அனலாக் முறையில் ட்யூனர் அலைவரிசையைப் பிடித்த கணமே படம் வந்தது. டிஜிட்டலிலோ பெட்டி புதிய அதிர்வெண்ணைப் பிடித்து, எந்த அலைவரிசையின் படமும் ஒலியும் எங்கே உள்ளன என்று சொல்லும், உடன் வரும் அட்டவணைகளைப் படித்து, கட்டண அலைவரிசையானால் அதன் பூட்டையும் திறந்து, பிறகும் ஐ-ஃப்ரேம் எனப்படும் முழுப் படச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஏனெனில் இடையில் வரும் சட்டங்கள் பெரும்பாலும் மாறிய பகுதிகளை மட்டுமே சுமக்கின்றன. அலைக்கற்றையை மிச்சப்படுத்த அந்த முழுச் சட்டங்களை அரிதாக்குவது ஒளிபரப்பும் தரப்பின் முடிவு. இணையவழித் தொலைக்காட்சிக்கு, தொடக்கக் காட்சியை விரைந்து தனியே அனுப்பும் முறை 2011இலேயே ஆர்எஃப்சி 6285 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியாகியுள்ளது. மற்ற சேவைகள், பொத்தான் அழுத்தியது பதிவானதையாவது உடனே திரையில் காட்டலாம்.