தண்ணீர் அதிகம் என்றால் புரதம் தாராளமாக நகருமா?

ஹைட்ரோஜெல்லில் (தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் வலை) 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே அதற்குள் புரதம் தண்ணீரில் போவதைப் போலவே போகும், தனியாக அளக்கத் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

தண்ணீர்க் கணக்கு பல ஜெல்களுக்குச் சரி. ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பதில் மீதியிருக்கும் பாலிமர் வலைக்கும் பெரிய பங்கு உண்டு. இரத்தத்தில் உள்ள புரதமான சீரம் அல்புமினின் ஆரம் சுமார் 3.5 நானோமீட்டர். வலைக்கண்ணும் கிட்டத்தட்ட அதே அளவு என்றால் அது ஊர்ந்துதான் போகும். அப்புறம் மின்னேற்றம். லைசோசைம் என்ற புரதம் அல்புமினைவிடச் சிறியது. ஆனால் உடலின் பிஎச் அளவில் அதற்கு நேர்மின்னேற்றம், ஜெல் செய்யப் பயன்படும் ஆல்ஜினேட் என்ற பாலிமருக்கு எதிர்மின்னேற்றம். சின்னது என்பதால் முந்திக்கொண்டு ஓடும் என்று பார்த்தால், அது வலையோடு ஒட்டிக்கொள்ளும்.

நீங்களே சரிபார்க்கலாம். ஒளிரும் சாயம் கட்டிய புரதத்தை ஜெல்லில் ஊறவைத்து, கன்ஃபோகல் நுண்ணோக்கியின் (ஒரு மெல்லிய தளத்தை மட்டும் காட்டும் நுண்ணோக்கி) கீழ் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் லேசரால் மங்கச் செய்யுங்கள். சுற்றியுள்ள புரதம் உள்ளே வர வர வட்டம் மறுபடி ஒளிரும். அதற்கு ஆகும் நேரத்தை, வெறும் பஃபரில் (பிஎச் அளவை மாறாமல் வைக்கும் கரைசல்) ஆகும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஜெல்லில் ஒளி பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை என்றால், கொஞ்சம் புரதம் சிக்கிக் கிடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். (சாயமே புரதத்தின் மின்னேற்றத்தை மாற்றக்கூடும், அதையும் மனதில் வையுங்கள்.)

கன்ஃபோகல் கிடைக்காவிட்டால், ஜெல்லைப் பஃபரில் போட்டு, வெளியே வரும் புரதத்தை 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலால் மணிக்கொருமுறை அளந்து, ஏற்றிய மொத்த அளவோடு ஒப்பிட்டாலே போதும்.