சம்பளத் திட்டம் ஏன் பத்தாம் தேதியே உடைகிறது

"இனிமே கடனே வேணாம், மாசம் 300 வெள்ளி சேர்க்கப் போறேன்." தீபாவளி முடிந்த கையோடு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். இரண்டாவது சம்பளத்துக்குள் அடங்கியும் விடும். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உறுதி இருக்கிறது. கணக்கை இன்றைய நிலையிலிருந்து தொடங்காமல், ஆசைப்படும் நிலையிலிருந்து தொடங்குகிறோம். கோளாறு அங்கேதான்.

முதல் பொய் சம்பளத்தில். கேட்டால் "ரெண்டாயிரத்து ஐந்நூறு" என்பார்கள். அது ஓ.டி. (கூடுதல் நேர வேலைச் சம்பளம்) நிறையக் கிடைத்த மாதம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதில் ஊழியர் சேமநிதிக்கு (ஈபிஎஃப்) 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போகும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் பிடித்தபின் கைக்கு வருவது சுமார் 1,500. ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்களுக்கு இன்னும் சிக்கல்: பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது பால் குறையும், மழைக்காலத்தில் வெட்டு நாளே குறையும். ஆகவே கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகளைப் பரப்பி வையுங்கள். ஆகக் குறைந்த மூன்றைக் கூட்டி மூன்றால் வகுங்கள். அதுதான் உங்கள் வருமானம். ஓ.டி. வந்தால் வரட்டும், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து கடன். ஒரே தாளில் எழுத வேண்டும்: யாருக்கு, மொத்த பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு, வட்டி என்ன, எத்தனை மாதம் தவறியிருக்கிறது. வங்கிக் கடன்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் கடன் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். கடைசி 12 மாதத்தில் எந்தத் தவணை தவறியது என்பது வரை அதில் இருக்கும். மளிகைக் கடையில் கடன் குறித்து வைக்கும் 555 சிறு புத்தகத்தில் உள்ள பாக்கியும் தாளில் ஏற வேண்டும். அடகுச் சீட்டுக்கு மாதம் 2 விழுக்காடு வரை வட்டி, மீட்க ஆறு மாதம். கெடு தேதியை எழுதுங்கள். கூட்டு (பலர் மாதாமாதம் பணம் போட்டு ஆளுக்கொரு முறை மொத்தமாக எடுப்பது) எடுத்து முடித்தவர்கள் பலர் அதைச் சேமிப்பு என்றே நினைக்கிறார்கள். பணம் கைக்கு வந்த பிறகு மீதி மாதங்களுக்குக் கட்ட வேண்டியது முழுக்கக் கடன்.

தாளில் வராமல் போவது எது தெரியுமா? அண்ணியிடம் ரகசியமாக வாங்கிய ஐந்நூறும், உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் வாங்கியதும். வெட்கம்தான் காரணம். ஆனால் மறைத்த கடன்தான் பத்தாம் தேதி வாசலில் வந்து நின்று மொத்தத் திட்டத்தையும் விழுங்குகிறது. அடமானமில்லாக் கடனுக்கு, உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரருக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 18 விழுக்காடு. ஆலோங்கிடம் ஆயிரத்துக்கு வாரம் நூறு என்று வாங்கினால், இரண்டே வாரத்தில் ஓராண்டு வட்டியைத் தாண்டிவிடுகிறீர்கள். தாளில் இது முதல் வரியாக இருக்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் 5,000 பாக்கி இருந்தால், 18 விழுக்காட்டில் மாத வட்டி 75 ரிங்கிட். குறைந்தபட்சத் தவணை 5 விழுக்காடு, 250. அசலில் கழிவது 175 மட்டுமே. அதே மாதம் 175-க்கு மீண்டும் தேய்த்தால் கடன் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இப்போது வருமானத்திலிருந்து சாப்பாடு, வாடகை, பெட்ரோல், தவணை எல்லாவற்றையும் கழியுங்கள். தீபாவளி, பள்ளித் திறப்பு, ரோட் டேக்ஸ் மூன்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து அதையும் கழியுங்கள். பல வீடுகளில் மைனஸ் 200, மைனஸ் 300 என்று வரும். தாளைக் கசக்கி எறியத் தோன்றும் இடம் இது. தயவுசெய்து எறியாதீர்கள். மைனஸ் 240-இல் இருக்கும் வீட்டுக்கு 300 சேமிப்பு என்பது 540 ரிங்கிட் பள்ளம். அதை எந்த உறுதியாலும் தாண்ட முடியாது. அந்த வீட்டின் முதல் வேலை மைனஸ் 240-ஐ மைனஸ் 150 ஆக்குவது. அது சின்ன வேலை இல்லை.

பிளஸ் 40 வந்தால் 40-தான் இலக்கு. முதல் 300 சேரும்வரை கூடுதல் கடனடைப்புகூட வேண்டாம் என்பேன். மோட்டார் டயர் வெடித்தால் மறுபடி ஆலோங் வாசலுக்குப் போகாமல் காப்பது அந்த 300. 2024 மே மாதத்திலிருந்து சேமநிதியில் 10 விழுக்காடு எப்போதும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்குக்குப் போகிறது. 1,700 சம்பளத்துக்கு முதலாளி பங்கும் சேர்த்து மாதம் சுமார் 40 ரிங்கிட். அதை நோன்பு மாதக் கடைகளில் கரைக்காமல் விட்டாலே அவசரக் கையிருப்பு பாதி தயார்.

"நம்ம தலையெழுத்து இவ்வளவுதான்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்குப் பணத்தைத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகக் கட்டினார். கையில் அன்று அவ்வளவுதான் இருந்தது, அதை வைத்துத்தான் தோட்டம் வாங்கினார்கள். இருப்பதை ஒப்புக்கொண்டவர்கள் சும்மா உட்காரவில்லை.

மைனஸ் குறையவே இல்லையென்றால் கடன் ஆலோசனை, நிர்வாக அமைப்பான ஏகேபிகே-க்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், கடன் அறிக்கைகளோடு அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். கணவன் மனைவி சேர்ந்து போவது நல்லது. வங்கிகளோடு பேசித் தவணையைக் குறைத்து நீட்டிக்க அவர்களால் முடியும். ஆலோங்கிடம் அவர்கள் பேச மாட்டார்கள். ஆனாலும் ஆலோங் வரியை அடித்துவிடாதீர்கள். அதை மறைத்துவிட்டுப் போட்ட தவணை காகிதத்தில் பொருந்தும், மூன்றாவது மாதம் தவறும்.