நாகம்மாளுக்கு ஒரு மேடை வேண்டும்

பொன்னியின் செல்வனில் வரும் பெண்களை மட்டும் வைத்து கோவையில் ஒரு நாட்டிய நிகழ்ச்சி பார்த்தேன். 1950-ல் கல்கியில் தொடராக வர ஆரம்பித்த கதை, இன்றைக்கும் அரங்கம் நிறைகிறது. கைதட்டல் எல்லாம் நந்தினிக்குத்தான். குந்தவை வந்தார், கம்பீரமாக நின்றார், போனார்.

என்னை உலுக்கியது மந்தாகினி. காது கேளாத, வாய் பேசாத ஊமை ராணி. பாட்டுக்கு அபிநயம் பிடித்தே பழகிய பரதத்தில் பாட்டே இல்லாதவளை எப்படி ஆடுவது? மந்தாகினியாக ஆடிய பெண் சலங்கையைக் கழற்றிவிட்டு வந்தார். மிருதங்கம், நட்டுவாங்கம் எல்லாம் நின்றது. தம்புரா மட்டும். நாவலில் மந்தாகினி தன் கதையைச் சுவரில் சித்திரமாகத் தீட்டி வைத்திருப்பாள் இல்லையா, அதை இவர் சிவப்பு பூசிய விரல் நுனியால் காற்றில் வரைந்தார். முதலில் ஆறு. அப்புறம் அதில் விழும் குழந்தை. அப்புறம் வாரி எடுக்கும் இரண்டு கைகள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேசாத ராணியையே இப்படிப் பேச வைக்க முடியும் என்றால், வாய்விட்டுப் பங்கு கேட்ட நம்ம கொங்கு நாட்டு நாகம்மாளை ஏன் யாரும் ஆடுவதில்லை?

‘நாகம்மாள்’ கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதிய நாவல். வட்டார நாவலுக்கு முன்னோடி என்று விமர்சகர்கள் கொண்டாடுவது. புருஷனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. அவளைத் தெய்வமாகவும் ஆக்காமல் பேயாகவும் ஆக்காமல் எழுதியிருப்பார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். இன்னமும், சீர்தான் செஞ்சாச்சே என்று சொல்லி, கூடப் பொறந்தவனுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கதையை நம்ம சனத்தின் முன்னால் ஆடவேண்டும் என்கிறேன்.

அதற்கான ஆட்டமும் இங்கேயே இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது எந்த ஊர் நோம்பிக்குப் போனாலும் ஒரே நிறச் சேலையில் பெண்கள் கூட்டமாக அடிக்கிறார்கள். வள்ளியின் கல்யாணக் கதையைத் தாங்குகிற வட்டம் நாகம்மாளைத் தாங்காதா? ஊர்ப் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மியடிக்கட்டும். தாலியறுத்தவள் வெளியே நிற்கட்டும். பங்கு கேட்கும் இடத்தில் அவள் உள்ளே நுழைந்து வேறு தாளத்தில் தட்டட்டும், மொத்த வட்டமும் தடுமாறட்டும். கொலைக்கு உடுக்கை ஒன்றே போதும். உடுக்கையடித்து அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, பாடுகிறவர்களுக்கு ஒரு சாவை எப்படி இழுத்துப் பாடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பரதம் கற்றவர்களும் கும்மி ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் இது நடக்கும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் விருப்பமுள்ள குழு இருந்தால் சொல்லுங்கள். நாவலைக் காட்சி காட்சியாகப் பிரித்துத் தர நான் தயார்.