பபுள் சார்ட்டை எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்

நம்ம நெல்லைப் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற எந்தப் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தாலும் பபுள் சார்ட் இருக்கும்; பக்கத்தில் இருக்கிற இரண்டை ஒப்பிட்டு, இடம் மாற்றி மாற்றி வரிசைப்படுத்துகிற புரோகிராம் அது. இன்புட்டாக ஐந்து எண், அவுட்புட்டாக அதே ஐந்து எண் ஏறுவரிசையில். கீழே கையெழுத்து. அடுத்த பக்கம் செலக்‌ஷன் சார்ட், வரிசைப்படுத்த இன்னொரு வழி, அதற்கும் அதே ஐந்து எண்தான். வைவாவில் "டைம் காம்ப்ளெக்ஸிட்டி என்ன?" என்று கேட்பார்கள். எண்ணிக்கை கூடக்கூட நேரம் எப்படிக் கூடும் என்பதுதான் கேள்வி. "என் ஸ்கொயர்" (n²) என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

பாளையங்கோட்டையில் சாயங்காலம் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்த விஷயத்தில் எனக்கு ரொம்ப நாளாகவே மனத்தாங்கல் உண்டு. வரிசைப்படுத்துவதில் கஷ்டமான இடம் திரும்பத் திரும்ப ஓடுகிற அந்த இரண்டு லூப்பும், இடம் மாற்றுகிற ஸ்வாப்பும் இல்லை. இரண்டைக் கையில் கொடுத்து, இதில் எது முன்னே, எது பின்னே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான். முழு எண்ணில் அந்தக் கேள்வியே எழாது. பெரியது குறி (>) ஒன்றைப் போட்டால் போதும். அதனால் எண்ணோடு பாடத்தை முடித்துவிட்டால் பாதிப் பாடம் நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

என்னிடம் படித்த களக்காட்டுப் பையன் ஒருத்தன், வீட்டு வாழைத்தார் வியாபாரத்துக்காக சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினான். விவசாயி பெயர், ஊர், ரகம், தார் எடை, தேதி எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கும். கேட்கிற வரிசையில் எடுத்துக் காட்ட வேண்டும். "அண்ணாச்சி, லேப்ல ஓடுன அதே சார்ட்டுதான். எடைக்கும் சரியா வரமாட்டேங்குது, ஊருக்கும் வரமாட்டேங்குது" என்று வந்து நின்றான்.

எடையைப் பார்த்தோம். 10.5, 12, 21, 9 என்று அடுக்கியிருந்தது. ஃபைலிலிருந்து படித்ததால் எல்லாம் எழுத்தாகவே உட்கார்ந்திருக்கிறது. எழுத்தாகப் பார்த்தால் 9-ஐ விட 1 முந்தியது, அவ்வளவுதான். ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகும் 12.4 கிலோ தாருக்குப் பின்னால் 12.1 வந்தது. ஒப்பிடுகிற ஃபங்ஷனில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, விடையை இன்ட்டாக, அதாவது முழு எண்ணாகத் திருப்பி அனுப்பியிருந்தான். 12.4-இல் 12.1 போனால் 0.3. இன்ட்டுக்குள் போனதும் அது 0. இரண்டும் சமம் என்று சார்ட் நம்பிவிட்டது. இந்தக் கழிக்கும் வழி இணையத்தில் எங்கு பார்த்தாலும் கிடக்கிறது. முழு எண்ணுக்கே அது ஆபத்துதான். இன்ட் வழக்கமாக 214 கோடி சொச்சம் வரைதான் தாங்கும்; 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடி, அது அதில் கொள்ளாது. கழிக்காமல் நேராக ஒப்பிட்டு 1, 0, மைனஸ் 1 என்று அனுப்புவதுதான் சரி.

தேதி இவ்வளவு தொல்லை கொடுக்கவில்லை. நாள்-மாதம்-வருஷம் என்று எழுதி எழுத்தாக அடுக்கினால் 02-11-2023 முன்னேயும் 15-01-2022 பின்னேயும் வரும். 2022-01-15 என்று வருஷத்தை முதலில் வைத்தால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

ஊர்ப் பெயரில்தான் நிறைய நேரம் போனது. எண்ணுக்குப் போட்ட அதே பெரியது குறியை ஸ்டிரிங்குக்கும் (எழுத்துச் சரத்துக்கும்) போட்டிருந்தான். சி மொழியில் அது பெயர்களை ஒப்பிடாது, மெமரியில் அவை இருக்கும் முகவரிகளைத்தான் ஒப்பிடும். ஸ்டிரிங் கம்பேர் ஃபங்ஷனுக்கு மாற்றியதும் மானூர், மாறாந்தை, மாவடி என்று வந்தது. பையனுக்குத் திருப்தி. ஆனால் தமிழ் அகராதியைத் திறந்து பாருங்கள்: மாவடி, மாறாந்தை, மானூர். அப்படியே தலைகீழ்!

காரணம் இதுதான். ய ர ல வ ழ ள ற ன என்பது நம் வரிசை. அகரம் முதல் னகரம் வரை முப்பது எழுத்து என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண் கொடுக்கிற யூனிகோடின் தமிழ்ப் பட்டியலோ, இந்திய எழுத்துகளுக்கான 1988-இன் இஸ்கி தரத்தைப் பின்பற்றி, தேவநாகரி அட்டவணைக்கு இணையாக அடுக்கப்பட்டது. அதனால் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ள-வுக்குப் பிறகு ழ. கடைசியில் நிற்க வேண்டிய ன, ப-வுக்கே முன்னால் போய்விட்டது. அந்தக் குறியெண்களைத்தான் ஸ்டிரிங் கம்பேர் பார்க்கிறது. பழவூருக்கு முன்னால் பள்ளக்கால் வருவதும் இதனால்தான்.

புள்ளியிலும் இதே கதைதான். அகராதியில் மெய்யெழுத்து முதலில், அதன் பிறகே உயிர்மெய். ஆகவே வள்ளிக்குப் பிறகுதான் வளர்மதி. குறியெண் வரிசையில் வளர்மதி முந்திக்கொள்வாள். அப்புறம் கொக்கிரகுளம். அந்த முதல் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு ஊர். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவுக்கும் அந்த இரண்டு லூப்பில் ஒரு வரியைக்கூட நாங்கள் தொடவில்லை. இதைத்தான் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். சார்ட்டை ஒரு தடவை எழுது. எது முன்னே என்று சொல்கிற ஃபங்ஷனைத் தனியாக எழுதி அதற்குக் கொடு. சி மொழியில் ரெடியாகவே இருக்கிற க்யூசார்ட் என்ற ஃபங்ஷன் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது: அர்ரே (அடுக்க வேண்டிய பட்டியல்), எத்தனை உறுப்பு, ஒவ்வொன்றும் எத்தனை பைட், ஒப்பிடும் ஃபங்ஷன் எது, இந்த நாலையும் கேட்கும். உள்ளே இருப்பது எடையா, ஊர்ப் பெயரா என்று அதற்குத் தெரியவே தெரியாது. இப்படிக் கொடுப்பதற்கு ஜாவா மொழியில் கம்பேரட்டர், பைத்தான் மொழியில் கீ. எல்லாம் ஒரே யோசனைதான்.

"லைப்ரரியில் ரெடியா இருக்கே, எதுக்கு எழுதணும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. லைப்ரரியும் அந்த ஒரு பதிலை உங்களிடம்தான் கேட்கிறது. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது: 9, 10, 100 மூன்றையும் அதன் சார்ட்டிடம் சும்மா கொடுங்கள், 10, 100, 9 என்று தரும். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும். பைத்தான் 3 இந்த விஷயத்தில் எனக்குப் பிடிக்கும். எண்ணையும் எழுத்தையும் கலந்து கொடுத்தால் முடியாது என்று எரர் காட்டி நின்றுவிடும்.

எண்ணோடு நிறுத்துவதால் தெரியாமல் போகிற இன்னொன்றும் உண்டு. இரண்டு 7 இடம் மாறினால் யாருக்கும் தெரியாது. தேதி வரிசையில் இருக்கிற கணக்கை ஊர் வாரியாக அடுக்கும்போதுதான் தெரியும். ஒரே ஊர்க்காரர்களுக்குள் தேதி வரிசை குலையாமல் இருக்க வேண்டும். பபுள் சார்ட் அதைக் காப்பாற்றும். செலக்‌ஷன் சார்ட்டை வழக்கமாக எழுதுகிற மாதிரி எழுதினால் காப்பாற்றாது. பபுள் சார்ட்டிலேயே பெரியது என்பதற்குப் பதில் பெரியது அல்லது சமம் என்று போட்டால் போச்சு, சமமானவையும் இடம் மாறிவிடும். ரெக்கார்டில் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதுகிற இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் ஐந்து எண்ணில் எந்தக் காலத்திலும் வெளியே வராது.

லேப் எடுக்கிற ஆசிரியர்களிடம் நான் கேட்பது சின்ன மாற்றம். சிலபஸைத் தொட வேண்டாம். ஐந்து எண்ணுக்குப் பதில் பத்து வரிக் கணக்கு ஒன்றைக் கொடுங்கள்: பெயர் தமிழில், எடை தசமத்தில், கூடவே தேதி. தமிழ் வரிசைக்கு ஃபங்ஷன் எழுத முதல் வருஷப் பிள்ளைக்குச் சிரமமாக இருந்தால், எழுத்துக்கு ஒரு எண் கொடுத்து ஒரு சின்ன அட்டவணை போடச் சொல்லுங்கள், அதுவே போதும். சரிபார்க்க உலாவியிலேயே (பிரவுசரிலேயே) தமிழ் வரிசை தெரிந்த கொலேட்டர் என்ற ஒப்பிடும் கருவி இருக்கிறது; மாவடி, மாறாந்தை, மானூர் என்று அது சரியாகவே தருகிறது.

நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களை இதற்காகவே ஒரு ஃபைலில் தட்டி வைத்திருக்கிறேன். வகுப்புக்கு வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.