காலைலயா, கால்லயா?

அவரு: (போன்ல இருந்து கண்ண எடுக்காம) காலைல வலிக்குதா?

நான்: கால்லதான் வலிக்குது, பின்ன தலையிலயா வலிக்கும்?

அவரு: காலைலயான்னு கேட்டேன். எந்திரிச்ச உடனே.

நான்: ஆமா, கட்டில விட்டு எறங்கி மொத அடி வைக்கிறப்ப குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும், நாலு மாசமா சொல்லிட்டுதான் இருக்கேன், அந்த நேரத்துல நீங்க குறட்டையில இருப்பீங்க.

அவரு: அதுக்குத்தான் குரூப்ல ஒண்ணு வந்திருக்கு பாரு. செங்கல்ல நல்லா சுட வச்சு, அதுமேல பழுத்த எருக்க இலைய போட்டு, குதிகால வச்சு வச்சு எடுக்கணுமாம். மூணே நாள்.

நான்: போன வாரம் நொச்சியும் மூணே நாள்னுதான் சொன்னீங்க.

அவரு: நொச்சிய நீ ஒழுங்கா பண்ணல.

நான்: நானா? இலைய உருவி, ஆஞ்சு, விளக்கெண்ணெய்ல வதக்கி, துணில மூட்டை கட்டி, அது ஆற ஆற திரும்ப தோசைக்கல்லுல வச்சு சூடு பண்ணி, முக்கா மணி நேரம் அடுப்புகிட்டயே நின்னேன். ஒத்தடம் குடுத்தது பத்து நிமிஷம். நின்ன வலிக்கே அது பத்தல.

அவரு: இதமா இருக்குன்னு நீதானே சொன்ன?

நான்: இருந்துச்சு. பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன்ல.

அவரு: எப்படியோ, மூலிகைக்கு சைட் எஃபெக்ட்டே கிடையாது.

நான்: எருக்கம்பால் கண்ணுல பட்டா கருவிழி வீங்கி பார்வை மங்கிடும்.

அவரு: குதிகாலுக்கு வைக்கிறத கண்ணுகிட்ட ஏன் கொண்டு போற?

நான்: இலைய பறிக்கிற கையாலதானே மூஞ்சி வேர்வையும் தொடைப்பேன்?

அவரு: சரி, அம்மாவுக்காவது அந்த செங்கல்ல...

நான்: அத்தைக்கு சுகர், பாதம் மரத்துக் கெடக்கு, சூடு உறைக்காது, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும், புண்ணாச்சுன்னா லேசுல ஆறாது. அவங்கள செங்கல் பக்கமே விடாதீங்க.

(இதுக்கு மட்டும் போன கீழ வச்சாரு.)

அவரு: டாக்டர் என்னதான் சொன்னாரு?

நான்: குதிகால் எலும்புல இருந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை போகுதாம், ராத்திரி பூரா சும்மா கெடந்து இறுகிப் போயிருக்கிறது காலைல மொத அடியில இழுபடுதாம்.

அவரு: கால்லதானே இழுபடும்.

நான்: காலைல!

அவரு: சரி சரி. வைத்தியம்?

நான்: கெண்டைக்கால இழுத்து நீட்டுற பயிற்சி, வீட்டுக்குள்ளயும் மெத்துன்னு செருப்பு, நிக்கிறத குறைக்கணும். முக்கால்வாசி பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள குறைஞ்சிடுமாம்.

அவரு: இலையே இல்லாமயா?

நான்: கட்டினாலும் கட்டாட்டியும். பதினோராவது மாசம் எந்த இலை கால்ல இருக்கோ அது நல்ல பேர தட்டிட்டு போயிடும்.

அவரு: அப்ப எருக்குக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு.

நான்: டாக்டர் சொன்ன மூணுல ரெண்ட நானே பண்ணிக்கிறேன். நிக்கிறத குறைக்கிறதுக்குத்தான் உங்க குரூப்ல இன்னும் ஒரு இலையும் வரல.

(கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.)

அவரு: நாளைக்கு அடுப்படிய நான் பாத்துக்கறேன்.

நான்: காலைலயா?

அவரு: கால்ல எப்படி பாக்குறது, கையாலதான்.