அந்த சீட் ஏன் உடனே கிடைக்கிறது?

போன சனிக்கிழமை லிவர்மோர் கோவிலில் பிரசாத வரிசையில் நின்றபோது தெரிந்த தங்கை ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, பொண்ணுக்கு நர்சிங் சீட் கிடைச்சிருச்சு. தனியார் காலேஜ். வெயிட்டிங்கே கிடையாது, ஜனவரியில கிளாஸ் ஆரம்பம். வர்ற வெள்ளிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம்.”

எவ்வளவு என்று கேட்டேன். 1,10,000 டாலர். அரசு நிதியில் நடக்கும் இரண்டு வருடக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் பக்கம் பார்க்கவில்லையா என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “அங்கயா அக்கா? ஊர்ல நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது?”

அன்று இரவு எனக்கு டியூட்டி. பேஷண்டுகள் தூங்கிய பிறகு சார்ட்டிங் செய்யும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. மகளையோ தன்னையோ கலிபோர்னியாவில் நர்சிங் படிக்க வைக்க நினைக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் கம்யூனிட்டி காலேஜில் படித்தவள். திருநெல்வேலியில் கணிதம் படித்துவிட்டு, திருமணமாகி இங்கே வந்து, இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு முப்பது வயதுக்கு மேல் அனாட்டமி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே ஈஸ்ட் பே பக்கம் ஒரு மருத்துவமனையில், பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நோயாளிகள் இருக்கும் மெட்-சர்ஜ் தளத்தில் ஆர்என், அதாவது பதிவு பெற்ற நர்ஸ். எங்கள் தளத்தில் கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்கள், ஸ்டேட் யூனிவர்சிட்டியில் படித்தவர்கள், தனியாரில் படித்தவர்கள் எல்லோரும் இருக்கிறோம். எழுதியது என்க்ளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு, கையில் இருப்பது ஒரே உரிமம். இரவு மூன்று மணிக்கு ஒரு பேஷண்டுக்கு பிரஷர் இறங்கினால் யார் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஊரில் இந்தக் குழப்பம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரியில் சீட் என்றால் தெருவே கொண்டாடும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த பிள்ளையின் வீட்டில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். கட்டணம் குறைவு, போட்டி அதிகம், அதனால் மதிப்பும் அதிகம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விமானம் ஏறி இங்கே வந்ததும் அந்தக் கணக்கு நமக்குத் தலைகீழாகிவிடுகிறது. கம்யூனிட்டி காலேஜ் என்றால் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். நர்சிங்கைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் சீட்தான் நம் ஊர் அரசுக் கல்லூரி சீட்.

இந்த இரண்டு வருட நர்சிங் படிப்பு நேற்று முளைத்ததும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை இருந்த நேரத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இருந்த மில்ட்ரெட் மான்டாக் முன்வைத்த யோசனை அது. 1952இல் சில ஜூனியர் காலேஜ்களில் சோதனையாக ஆரம்பித்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஏடிஎன் என்ற அசோசியேட் டிகிரி.

இனி பணம். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தை அளக்கும் ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர். 2012இல் வைத்த கட்டணம் அது. நர்சிங் படிப்பும் அதற்கு முன் முடிக்க வேண்டிய அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி போன்ற ப்ரீரெக்விசிட் பாடங்களும் சேர்த்து 90 யூனிட் என்று வைத்தாலும் 4,140 டாலர். புத்தகம், யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிகள், பின்னணிச் சோதனை, உரிமக் கட்டணம் என்று எல்லாம் சேர்த்து எனக்கு எட்டாயிரத்துக்குள் முடிந்தது.

அந்தப் பக்கம் 1,10,000. அதை முழுவதும் கடனாக வாங்கி, 7 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதாகப் போட்டுப் பார்த்தேன். மாதம் 1,277 டாலர் வருகிறது. முடிக்கும்போது 1,53,000க்கு மேல் கட்டியிருப்பார்கள். இதில் இன்னொரு விஷயத்தையும் யாரும் முதலில் சொல்வதில்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவிக்கு, அவள் பேரில் கிடைக்கும் ஃபெடரல் (மத்திய அரசு) கடனின் மொத்த வரம்பு 31,000 டாலர்தான். அதுவும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால். மீதிக்கு அப்பாவோ அம்மாவோ தங்கள் பேரில் பேரண்ட் ப்ளஸ் என்ற ஃபெடரல் கடன் வாங்க வேண்டும், இல்லையென்றால் தனியார் கடனில் கூடவே கையெழுத்துப் போட வேண்டும். மகள் படிப்பை முடிக்காமல் போனாலும் அந்தக் கடன் வீட்டில்தான் இருக்கும்.

சரி, இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஏன் எல்லோரும் கம்யூனிட்டி காலேஜுக்குப் போவதில்லை? சீட் கிடைப்பதில்லை, அதனால்தான். எங்கள் பக்கம் ஓலோனி, ஷபோ, டி ஆன்சா, எவர்கிரீன் வேலி என்று நர்சிங் இருக்கும் கல்லூரிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் இருக்கும் இடங்கள் கொஞ்சம், விண்ணப்பங்கள் பல மடங்கு. ப்ரீரெக் மதிப்பெண், டீஸ் என்ற நர்சிங் நுழைவுத் தேர்வு மதிப்பெண், வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு எடுக்கும் கல்லூரிகள் உண்டு, குலுக்கல் முறையில் எடுக்கும் கல்லூரிகளும் உண்டு. எனக்கு இரண்டு முறை கிடைக்கவில்லை. இரண்டாவது மறுப்பு மின்னஞ்சல் வந்த அன்று காரில் உட்கார்ந்து அழுதேன். மூன்றாவது முறை கிடைத்தது.

இடங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் பிள்ளைகள் மந்தம் என்பதல்ல. நர்சிங் ஆசிரியர் கிடைப்பதில்லை. மாஸ்டர்ஸ் முடித்த ஒரு நர்ஸ் மருத்துவமனையில் வாங்கும் சம்பளத்தைக் கம்யூனிட்டி காலேஜால் கொடுக்க முடியவில்லை. க்ளினிக்கல் பயிற்சிக்கு மருத்துவமனைகள் விடும் இடங்களுக்கும் எல்லாக் கல்லூரிகளும் மோதுகின்றன. அதனால் 4.0, அதாவது முழு மதிப்பெண் சராசரி, வாங்கிய பிள்ளைகூட வரிசையில் நிற்கிறது.

இந்த வரிசைதான் லாபநோக்குள்ள கல்லூரிகளுக்கு முதலீடு. அவர்கள் சொல்லித் தரும் மருந்துக் கணக்கும் கேர் பிளானும் எங்கள் கல்லூரியில் சொல்லித் தந்த அதே பாடம்தான். கூடுதலாகக் கொடுக்கும் ஒரு லட்சமும் வரிசையில் நிற்காமல் உள்ளே போவதற்கான விலை. இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் கொடுத்தால் அது அவருடைய முடிவு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். உசத்தியான படிப்பு என்று நம்பிக் கொடுப்பதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இரண்டாவது முறை மறுக்கப்பட்ட வாரம் நானும் அப்படி ஒரு கல்லூரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். பளபளவென்று வரவேற்பறை, காப்பி, என் பெயர் அச்சிட்ட கோப்பு. அட்மிஷன் ஆலோசகர் ஒரு மணி நேரம் என் பிள்ளைகளைப் பற்றியும் என் கனவைப் பற்றியும் பேசினார். க்ளினிக்கல் எந்த மருத்துவமனைகளில் என்று கேட்டபோது மட்டும் “நிறைய பார்ட்னர்கள் இருக்கிறார்கள்” என்றார். ஒரு மருத்துவமனையின் பெயரும் வரவில்லை. என்க்ளெக்ஸ் தேர்ச்சி விகிதம் கேட்டேன், சிற்றேடு ஒன்றைக் கொடுத்தார், அதில் சிரிக்கும் முகங்கள்தான் இருந்தன. அதன் பிறகு மூன்று வாரம் தினமும் அழைப்பு. இடங்கள் முடியப்போகின்றன, இந்த வாரமே கையெழுத்து, கட்டணம் ஏறப்போகிறது. கல்லூரி வாசலில் இந்தப் பேச்சைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன, அவற்றை இதோடு சேர்க்கக் கூடாது. லாபநோக்கற்ற பழைய கல்லூரிகள், ஓக்லண்டின் சாமுவேல் மெரிட் போல, நர்சிங்கில் பேர் பெற்றவை. விலை அதிகம்தான், ஆனால் பின்னால் மேற்படிப்புக்குக் கதவு மூடாது. ஆகவே தனியார் என்று கேட்டதும் முதலில் கேட்க வேண்டியது, லாபநோக்குள்ளதா அற்றதா. 2016 செப்டம்பரில் ஐடிடி டெக் என்ற பெரிய லாபநோக்குக் கல்லூரி 130க்கு மேற்பட்ட வளாகங்களை ஒரே நாளில் மூடியது நினைவிருக்கலாம். அங்கே நர்சிங் படிப்பும் இருந்தது. பாதியில் நின்ற பிள்ளைகளின் யூனிட்டுகளை மற்ற பல கல்லூரிகள் ஏற்கவில்லை.

யூனிட் மாறுவது என்பது சின்ன விஷயம் இல்லை. என்னோடு வேலை செய்யும் ஒரு பெண், தனியாரில் ஏடிஎன் முடித்து, என்க்ளெக்ஸும் பாஸ் செய்து, நல்ல நர்ஸாக இருக்கிறாள். பிஎஸ்என் என்ற நர்சிங் இளநிலைப் பட்டப் படிப்பில் சேரலாம் என்று ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பித்தபோது அவளுடைய வேதியியலும் ஆங்கிலமும்கூட ஏற்கப்படவில்லை. மறுபடி கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் உட்கார்ந்து அதே பாடங்களைப் படித்தாள், பழைய கடனையும் கட்டிக்கொண்டே.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். நர்ஸ்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில வாரியமான கலிபோர்னியா போர்டு ஆஃப் ரெஜிஸ்டர்ட் நர்சிங் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியிலும் முதல் முறை என்க்ளெக்ஸ் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று வருடவாரியாக இருக்கிறது. 75க்குக் கீழே போனால் போர்டே கேள்வி கேட்கும். பல கம்யூனிட்டி காலேஜ்கள் 90ஐத் தாண்டி நிற்பதை அங்கே உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் சராசரிக் கடனும் படிப்பை முடிப்பவர்களின் விகிதமும் கிடைக்கும். அங்கீகாரமும் பாருங்கள். ஏசிஇஎன் அல்லது சிசிஎன்இ என்ற நர்சிங் கல்வி அமைப்புகளின் அங்கீகாரம் இருந்தால் நல்லது. கலிபோர்னியாவில் போர்டு அனுமதி மட்டும் உள்ள கம்யூனிட்டி காலேஜ்களும் உண்டு, அதனால் உரிமத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கான விஏ மருத்துவமனைகளில் வேலை செய்ய விருப்பம் என்றால் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

“ஏடிஎன் வைத்துக்கொண்டு வேலை கிடைக்குமா, எல்லோரும் பிஎஸ்என் கேட்கிறார்களே” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். 2003இல் நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். பிஎஸ்என் அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்ற நர்ஸ்கள் அதிகம் இருந்த இடங்களில் அறுவை சிகிச்சை நோயாளிகளின் இறப்பு குறைவு என்று கண்டார்கள். நியூயார்க் மாநிலம் 2017இல் சட்டமே போட்டது, உரிமம் பெற்ற பத்து வருடத்துக்குள் பிஎஸ்என் முடிக்க வேண்டும் என்று. பே ஏரியாவின் பெரிய மருத்துவமனைகளிலும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கான நியூ கிராட் வேலைக்கு பிஎஸ்என் இருப்பவர்களையே முதலில் பார்க்கிறார்கள். அதனால் நானும் பிஎஸ்என் முடித்தேன். ஆனால் ஆர்என் ஆகி, சம்பளம் வாங்கிக்கொண்டே, ஸ்டேட் யூனிவர்சிட்டியின் ஆர்என்-டு-பிஎஸ்என் வழியில் முடித்தேன். இப்போது ஏடிஎன் படிக்கும்போதே கோடை விடுமுறையில் பிஎஸ்என் பாடங்களையும் எடுக்கும் இணைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. கம்யூனிட்டி காலேஜ்களே சோதனை முறையில் பிஎஸ்என் கொடுக்கட்டும் என்று 2024இல் வந்த மசோதாவை ஆளுநர் நியூசம் கையெழுத்திடாமல் நிராகரித்தது எனக்குப் பெரிய வருத்தம். புளோரிடாவிலும் வாஷிங்டனிலும் அது ஏற்கெனவே நடக்கிறது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். கலிபோர்னியாவில் ஆர்என் சம்பளம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். இரண்டு வருடம் வரிசையில் நின்றால் அவ்வளவு வருமானமும் தள்ளிப்போகிறது. வீட்டுக்கு ஒரே சம்பாத்தியம் என்று இருக்கும் பெண்ணுக்கு அது பெரிய தொகை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு 21 வயது ஆனால் அந்த விசா போய்விடும், அவர்கள் காலண்டரைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய முடியும். ஏற்கெனவே ஒரு டிகிரி இருப்பவர்களுக்கு ஒன்றரை வருடத்துக்குள் முடியும் துரித பிஎஸ்என் படிப்பும் இருக்கிறது. இவர்களில் யாராவது லாபநோக்கற்ற நல்ல தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் நானே வாழ்த்தி அனுப்புவேன்.

அந்தத் தங்கையின் மகளுக்கு இந்த நெருக்கடி எதுவும் இல்லை. வயது 18. கிரீன் கார்டு இருக்கிறது. ப்ரீரெக்கில் பாதி இன்னும் முடிக்கவே இல்லை. அவளுக்கு என்ன அவசரம்? அந்தப் பாடங்களை எப்படியும் படித்தாக வேண்டும், அதை 46 டாலருக்குப் படிக்கட்டும். நடுவில் சிஎன்ஏ என்ற நர்ஸ் உதவியாளர் சான்றிதழ் எடுத்து ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் வேலை பார்க்கட்டும். பெட்பேன் எடுத்து, பாட்டிகளைக் குளிப்பாட்டி, இந்த வேலை தனக்கு ஆகுமா என்று தெரிந்துகொள்வாள். விண்ணப்பத்திலும் பல கல்லூரிகளில் புள்ளி சேரும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே கல்லூரியை நம்பாமல் சாக்ரமென்டோ, ஸ்டாக்டன், ஃப்ரெஸ்னோ வரைக்கும் போடட்டும். எங்கள் வகுப்பில் ட்ரேசியில் இருந்து தினமும் விடியற்காலை ஓட்டி வந்தவர்கள் இரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கையைத் தொலைபேசியில் பிடித்து இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்கா” என்றாள். பிறகு மகளே என்னைக் கூப்பிட்டாள். அம்மா மாதிரி இல்லை, கேள்விகள் நேராக வந்தன. ஃபிசியாலஜி எந்தக் கல்லூரியில் எடுத்தால் நல்லது, டீஸ் எத்தனை முறை எழுத விடுவார்கள், பிணத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா. வெள்ளிக்கிழமை கையெழுத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை.

என்னுடைய அனாட்டமி அட்டைகள் இரண்டு டப்பா நிறைய இருக்கின்றன. எலும்புகள் ஒன்றில், தசையும் நரம்பும் இன்னொன்றில். எலும்பு டப்பாவை அவளுக்கு எடுத்து வைத்துவிட்டேன். மற்றது ஃப்ரீமான்ட், நூவர்க் பக்கம் படிக்கும் யாருக்காவது வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நைட் ஷிஃப்ட் இல்லாத நாளில் கொண்டுவந்து தருகிறேன்.