ஸ்கின் வாங்கினால் ஜெயிலா?

"புதுச் சட்டப்படி காசு போட்டு ஆடுற எல்லா கேமும் தடை, பிஜிஎம்ஐ-யில் ஸ்கின் வாங்கினாலே ஜெயில்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். (பிஜிஎம்ஐ என்பது மொபைலில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்; ஸ்கின் என்பது அதில் நம் பாத்திரத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் உடை.) இது தவறு. சின்னப் பசங்களும் படிக்கிற இடம், வீணாகப் பயப்படுவார்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்வது பண விளையாட்டை. அதாவது, பணம் கட்டி, ஜெயித்தால் பணமோ பணத்துக்கு ஈடானதோ கிடைக்கும் என்று ஆடுவது. ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் எல்லாம் அதில் மாட்டுகின்றன. 'இது திறமை விளையாட்டு, அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் இல்லை' என்ற பழைய வாதம் இனி எடுபடாது. ஸ்கின் வாங்குவதில் பந்தயமே இல்லை. கொடுத்த காசுக்கு உடை மாறுகிறது, அவ்வளவுதான்.

தண்டனையும் ஆடுகிறவருக்கு இல்லை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை. யூடியூபில் பந்தய ஆப்பைப் புரமோட் செய்கிறவர்கள்தான் உண்மையில் பயப்பட வேண்டும்.

இ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது போட்டியாக நடத்தும் வீடியோ கேம்களுக்கு, நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் இருக்கலாம், ஆனால் அரசு அங்கீகாரமும் பதிவும் வேண்டும். அதனால் கஸ்டம் ரூமில் (நாமே ஆட்களைச் சேர்த்து நடத்தும் தனி ஆட்டத்தில்) தலைக்கு 50 ரூபாய் வசூலித்து, மொத்தத்தையும் ஜெயித்தவருக்குக் கொடுக்கிறீர்களே, அதை நடத்துகிறவர்கள் இப்போதே நிறுத்திவிடுங்கள். வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.